மூஸ் வேட்டையில் மூன்று வகைக் குண்டுகள்: ஒரு பயன்பாட்டு அனுபவம்

கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்து வடமேற்குக் காடுகளில் இலையுதிர்காலந்தோறும் மூஸ், எல்க் என்னும் பெரிய மான்வகை விலங்குகளின் வேட்டைக்குச் செல்பவன் என்ற முறையில், .30-06 என்ற தோட்டா அளவு கொண்ட ஒரே ரைஃபிளில் மூன்று வகைக் குண்டுகளைப் பல ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். 1972-ஆம் ஆண்டின் வனவுயிர் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு இந்தியாவில் வேட்டை என்பது குற்றச்செய்தியாக மட்டுமே காதில் விழுகிறது. இங்கோ அது உரிமத்துக்கும் பருவத்துக்கும் உட்பட்டு நடப்பது. எங்கள் வீட்டில் குளிர்காலக் கறி பெரும்பாலும் அதிலிருந்தே வருகிறது. ஆகவே குண்டைப் பற்றிய என் மதிப்பீட்டில் விலங்கு எவ்வளவு விரைவில் விழுகிறது என்பதோடு, கறி எவ்வளவு வீணாகிறது என்பதும் சேர்ந்தே வரும்.

பெரிய விலங்கைச் சுடும் குண்டு, ஒன்றுக்கொன்று முரணான இரண்டு வேலைகளைச் செய்தாக வேண்டும். உடலுக்குள் நுழைந்ததும் முனை விரிந்து அகலமான காயத்தை உண்டாக்க வேண்டும்; ஆனால் விரிந்த குண்டு விரைவில் வேகம் இழப்பதால், நுரையீரலை எட்டுமுன் நின்றுவிடவும் கூடாது. விரியாத குண்டுகளைப் பெருவிலங்கு வேட்டைக்கு ஆல்பர்ட்டா சட்டமே தடை செய்கிறது, ஏனெனில் அவை ஊசித் துளை போட்டு மறுபுறம் போய்விட, விலங்கு காயத்துடன் வெகுதூரம் ஓடிவிடும். சிறிய மானுக்கு இந்தச் சமன்பாடு எளிது. நானூறு கிலோவைத் தாண்டும் ஆண் மூஸின் தோள் எலும்பு குறுக்கே வரும்போதுதான் குண்டின் உண்மையான தரம் தெரிகிறது.

முதலில் நான் பயன்படுத்தியது, ஈயத்தின் மேல் மெல்லிய செம்பு உறை போட்ட சாதாரண 180 கிரெயின் (ஏறத்தாழ 11.7 கிராம் எடை) குண்டு. நிறுவனத்தின் பெயர் இங்கே தேவையில்லை. குழாயை விட்டு வினாடிக்கு ஏறத்தாழ 820 மீட்டர் வேகத்தில் கிளம்பும் அது, இருநூறு மீட்டரில் 700 மீட்டர் அளவுக்குக் குறைந்துவிடும். அந்த வேகத்தில் விலாவில் பட்ட ஒவ்வொரு முறையும் குறை சொல்ல முடியாதபடி வேலை செய்தது. ஆனால் அடர்ந்த ஸ்புரூஸ் ஊசியிலை மரங்களுக்கிடையே, நாற்பது மீட்டருக்கும் குறைவான தூரத்தில் ஒரு மூஸின் தோள் எலும்பில் பட்டபோது, உறை ஒரு பக்கமும் ஈயம் மறு பக்கமுமாகப் பிரிந்தது. இரண்டாவது குண்டு தேவைப்பட்டது. தோலுரித்தபோது முன்சப்பை முழுவதும் இரத்தம் உறைந்து கூழாகிக் கிடந்ததால் வெட்டி எறிவதைத் தவிர வேறு வழியில்லை. இதைத் தரக்குறைவு என்று நான் சொல்ல மாட்டேன். குறைந்த வேகத்துக்கு ஏற்ற குண்டு அதிக வேகத்தில் எலும்பைச் சந்தித்தது, அவ்வளவே.

இதே சிக்கல் ஜான் நாஸ்லர் என்பவருக்கு 1946-இல் பிரிட்டிஷ் கொலம்பியாவில் நேர்ந்தது. சேறு காய்ந்து ஒட்டியிருந்த ஒரு மூஸின் மேல் அவருடைய அதிவேக .300 மேக்னம் ரைஃபிளின் குண்டுகள் ஆழம் போகாமல் சிதறியதன் விளைவாகவே, நான் பயன்படுத்தும் இரண்டாவது வகையான நாஸ்லர் பார்ட்டிஷன் குண்டு பிறந்தது. குண்டின் நடுவே செம்பு உறையாலான ஒரு தடுப்புச் சுவர் இருக்கும். அதன் முன்பகுதி ஈயம் விரிந்து சிதறிப்போனாலும் பின்பகுதி குலையாமல் ஊடுருவிச் செல்லும். மறுபுறத் தோலுக்கடியில் விரலால் தடவிக் கண்டுபிடித்து, கத்தியால் கீறி எடுத்த ஒன்று இன்றும் என் மேசையில் இருக்கிறது: முன்புறம் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை, பின்புறம் புதிதுபோல இருக்கிறது. மிச்சமிருக்கும் எடை மூன்றில் இரண்டு பங்குதான். இந்த எண்ணைக் காட்டிப் பலர் பார்ட்டிஷனைப் பழையது என்று ஒதுக்குகிறார்கள். இழந்த அந்த மூன்றில் ஒரு பங்குதானே நுரையீரலைக் கிழித்தது என்று எனக்குத் தோன்றுகிறது.

மூன்றாவது, பார்ன்ஸ் நிறுவனத்தின் முழுக்கச் செம்பாலான வகை. 1989-இல் எக்ஸ் குண்டாக வந்து, 2003-இல் பக்கவாட்டுப் பள்ளங்களுடன் டிஎஸ்எக்ஸ் ஆனது. உள்ளே போனதும் முனை நான்கு இதழ்களாக மலரும், எடை ஏறக்குறைய அப்படியே இருக்கும். செம்பு ஈயத்தைவிட இலேசானது என்பதால் அதே எடைக்குக் குண்டு நீளமாகிவிடுகிறது. ஆகவே 180-க்குப் பதில் 168 கிரெயின் போதும் என்று முடிவு செய்தேன். தோள் எலும்பை உடைத்துக்கொண்டு மறுபுறம் வெளியேறுவதில் இதற்கு ஈடில்லை. கறி நாசமும் கண்கூடாகக் குறைந்தது. ஆனால் விலாக்களுக்கிடையே மட்டும் பட்டால், மூஸ் ஒன்றுமே நடவாததுபோல் நின்று, சற்று நடந்து, பிறகுதான் விழுகிறது. புதர் நிறைந்த சதுப்பு நிலத்தில் அந்தச் சில அடிகளே பெருந்தொல்லை. தூரம் கூடி வேகம் வினாடிக்கு 550 மீட்டரை நெருங்கும்போது இதழ்கள் சரியாக விரியும் என்று நம்புவதும் கடினம்.

இருந்தும் இப்போது நான் பெரும்பாலும் செம்புக்கே மாறிவிட்டேன். ஈயத் துகள்கள் காயத்திலிருந்து வெகுதூரம் கறிக்குள் பரவுகின்றன. விட்டுவந்த குடலைத் தின்னும் கழுகுகளுக்கும் அவை நஞ்சு. கண்டோர் கழுகுகளின் பொருட்டுத் தொடங்கிய ஈயக் குண்டுத் தடையைக் கலிபோர்னியா 2019 ஜூலை முதல் மாநிலம் முழுவதற்கும், எல்லா வேட்டைக்கும் விரிவாக்கியது. வீட்டில் குழந்தைகளுக்குக் கொத்துக்கறி சமைப்பவர்கள் இதை யோசிக்கத்தான் வேண்டும். அருகிலிருந்து சுட நேரும் அடர்காட்டுக்கு மட்டும் பார்ட்டிஷன் பெட்டி ஒன்றை வைத்திருக்கிறேன்.

மாற நினைப்பவர்கள், குழாயில் படிந்த பழைய செம்பைக் கரைப்பான் விட்டு முழுக்கத் துடைத்துவிட்டு, ரைஃபிளின் மேல் பொருத்திய தொலைநோக்கியின் இலக்கைப் புதிய குண்டுக்கேற்ப நூறு மீட்டரில் மறுபடி சரிசெய்ய வேண்டும். என் ரைஃபிளில் பழைய குண்டு பட்ட இடத்துக்கும் புதியது பட்ட இடத்துக்கும் இடையே நான்கு விரற்கடை வித்தியாசம் இருந்தது.