ரெண்டு தைவதம், மூணு ஆஸ்கர்: ஜேம்ஸ் பாண்ட் பாடல்களை நெடுநாள் கேட்ட அனுபவம்

"ஸ்கைஃபால் பெரிசா, கோல்ட்ஃபிங்கர் பெரிசா?" என்று ஒரு நண்பர் கேட்டார். நாலு வரியில் அடங்காத கேள்வி, அதனால் விரிவாகவே எழுதுகிறேன். எந்தப் படத்துக்கு யார் பாடினார்கள் என்பது ரசிகர்களுக்குத் தெரிந்ததுதான். 25 படங்களின் பாடல்களையும் திரும்பத் திரும்பக் கேட்டால் என்ன மிஞ்சுகிறது என்பதுதான் இங்கே விஷயம்.

முதலில், இத்தனை முறை கேட்டும் அலுக்காத ஒன்று. 1962இல் 'டாக்டர் நோ' படத்துக்காக மான்ட்டி நார்மன் எழுதி ஜான் பேரி இசைக்கோவை செய்த அந்தத் தீம். விக் ஃப்ளிக்கின் கிட்டார்தான் எல்லோருக்கும் நினைவில் நிற்கும். ஆனால் அதற்கு அடியில் ஓடும் நாலு சுரத்தில்தான் மொத்த பாண்ட் உலகமும் இருக்கிறது. கீபோர்டு இருந்தால் வாசித்துப் பாருங்கள். ஈ (E) சுரத்தை ஷட்ஜமாக வைத்து ஈ, ஜி இரண்டையும் அழுத்திப் பிடியுங்கள். மேலே பி, சி, சி ஷார்ப், மறுபடி சி என்று சம அளவில் நகர்த்துங்கள். நம் கர்நாடக இசைக் கணக்கில் ப, த1, த2, த1; த1 என்பது சுத்த தைவதம், த2 சதுச்ருதி தைவதம். சுத்த தைவதத்தில் நிற்கும்போது கீரவாணி ராகம். சதுச்ருதிக்கு ஏறிய நொடியில் கௌரிமனோகரி. இந்த இரண்டு மேளங்களுக்கும் (தாய் ராகங்களுக்கும்) தைவதம் ஒன்றுதான் வித்தியாசம், பாண்ட் தீம் அந்த ஒரே வாசலில் உள்ளே வெளியே என்று நடக்கிறது. தீம் முடியும்போது தனியாக ஒலிக்கும் கிட்டார் கார்டை (chord, சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்) பிரித்தால் ச, க2, ப, நி3, ரி2. இந்த ஐந்தும் இரண்டு ராகத்துக்கும் பொது. அதனால்தான் அது முடிந்தும் முடியாத மாதிரி, கதவு பாதி திறந்த மாதிரி ஒலிக்கிறது. கீரவாணி பழகிய காதுக்கு இந்த இசை ஏன் முதல் தடவையே ஒட்டிக்கொள்கிறது என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை.

இந்தச் சாவி கையில் இருந்தால் ஸ்கைஃபாலின் வேலைப்பாடு புரியும். அடெல், பால் எப்வொர்த் இருவரும் சேர்ந்து எழுதியது, 2012. தொடக்கக் கார்டுகள் சி மைனர், ஏ ஃப்ளாட் மேஜர், எஃப் மேஜர், எஃப் மைனர். ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு சுரத்தை மட்டும் பின்தொடருங்கள்: ஜி, ஏ ஃப்ளாட், ஏ, ஏ ஃப்ளாட். அதே ப, த1, த2, த1. பழைய தீமை எங்கேயும் நேராக வாசிக்காமல், பாட்டின் எலும்பிலேயே ஒளித்து வைத்திருக்கிறார்கள். ஐம்பதாம் ஆண்டுப் படத்துக்கு இதைவிட அடக்கமான மரியாதை இருக்க முடியாது. மெதுவாக ஆரம்பித்து, பிராஸ் ஒவ்வொரு படியாக ஏறி, கோரஸில் முழு ஆர்க்கெஸ்ட்ராவும் திறந்துகொள்கிறது. பாண்ட் பாட்டுக்கு முதல் ஆஸ்கர் இதற்குத்தான் கிடைத்தது. 'லிவ் அண்ட் லெட் டை', 'நோபடி டஸ் இட் பெட்டர்', 'ஃபார் யுவர் ஐஸ் ஒன்லி' மூன்றும் பரிந்துரை வரை போய்த் திரும்பியவை. ஸ்கைஃபாலுக்கு அந்த விருது முழுக்கத் தகும்.

எரிச்சல் அதற்குப் பிறகு ஆரம்பிக்கிறது. அந்த வெற்றியைப் பார்த்ததும் அடுத்த இரண்டு படங்களும் அதே விளம்ப காலத்தில், மெதுவான நடையில் உட்கார்ந்துவிட்டன. 2015இல் சாம் ஸ்மித்தின் 'ரைட்டிங்ஸ் ஆன் த வால்' பிரிட்டனில் முதலிடம் பிடித்த முதல் பாண்ட் பாடல், ஆஸ்கரும் வாங்கியது. இருக்கட்டும். ஆனால் உச்சம் வர வேண்டிய இடத்தில் ஆர்க்கெஸ்ட்ராவை விலக்கிவிட்டு, குரலைக் கள்ளக்குரலுக்கு (ஃபால்செட்டோ) கொண்டுபோய்த் தனியே நிறுத்துகிறார்கள். ஏறி வந்த படிக்கட்டு அங்கே காற்றில் முடிந்துவிடுகிறது. பயம் தெரிய வேண்டும் என்பதுதான் நோக்கம் என்றால் ஒரு தடவை போதும், ஒவ்வொரு சுற்றிலும் அதையே செய்கிறார்கள். எத்தனை தடவை கேட்டாலும் அந்த இடத்தில் கை தானாக அடுத்த பாட்டுக்குப் போகிறது.

பில்லி ஐலிஷின் 'நோ டைம் டு டை' அப்படியில்லை. அதே மெதுவான நடைதான், ஆனால் முணுமுணுப்பிலிருந்து ஒரே ஒரு தடவை மட்டும் குரலை முழுதாகத் திறக்கிறார், அதற்காகவே அதுவரை காத்திருக்கிறார். கடைசியில் கிட்டாரில் அந்த 1962 கார்டு விழுகிறது. அருமையான முடிவு. 2020 பிப்ரவரியில் வந்த பாட்டு, கொரோனாவால் படம் தள்ளிப்போய் 2021இல்தான் திரைக்கு வந்தது. படம் வருவதற்குள் பாட்டு பழசாகிவிட்டது என்று சொன்னவர்கள் உண்டு, எனக்கு அப்படித் தோன்றவில்லை. என் மனத்தாங்கல் வேறு. அடுத்தடுத்து மூன்று படங்கள், மூன்று ஆஸ்கர்கள், மூன்றிலும் உளவாளி ஓடவே இல்லை. ஓரிடத்தில் உட்கார்ந்து வருந்துகிறான்.

பழைய பாடல்களையும் புதியவற்றையும் ஒப்பிட்டுக் கேட்பவர்களுக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். பாட்டுக் கேட்கும் ஆப்பில் வால்யூம் நார்மலைசேஷன் (எல்லாப் பாட்டையும் ஒரே சத்த அளவுக்குக் கொண்டுவரும் வசதி) ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். புதிய பதிவுகள் சத்தம் கூட்டி மாஸ்டர் செய்யப்பட்டவை. சத்தமாக இருப்பதைக் காது நல்லது என்று எடுத்துக்கொள்ளும், பாவம் 1964ஆம் ஆண்டின் கோல்ட்ஃபிங்கர் பதிவு ஒல்லியாகத் தெரியும். நார்மலைசேஷன் பாட்டுக்கும் பாட்டுக்கும் இடையிலான சத்தத்தைத்தான் சரிசெய்யும், ஒரே பாட்டுக்குள் இருக்கும் ஏற்ற இறக்கத்தை அல்ல. எனவே 'நோ டைம் டு டை'யைப் பேருந்தில் கேட்காதீர்கள். ஆரம்பம் கேட்கவில்லை என்று சத்தத்தைக் கூட்டினால் உச்சியில் காது வலிக்கும். அடுத்தது, தேடும்போது பாடகர் பெயரைப் பார்த்து எடுங்கள், வேறு குழுக்கள் மறுபடி பாடிய பதிப்புகள் மேலே வந்து நிற்கும். ஆ-ஹா குழுவின் 'த லிவிங் டேலைட்ஸ்' அசலிலேயே இரண்டு உண்டு. ஜான் பேரியின் ஆர்க்கெஸ்ட்ரா முழுசாக வேண்டுமென்றால் 1987 படத்தின் இசைத்தொகுப்பில் இருப்பதை எடுங்கள். அவர்களுடைய சொந்த ஆல்பத்தில் இருப்பது வேறு மிக்ஸ்.

கோல்ட்ஃபிங்கருக்கு வருகிறேன். ஷெர்லி பாஸி முதல் வார்த்தையை இரண்டாக உடைக்கும் இடத்திலேயே வழக்கு முடிந்துவிடுகிறது. முதல் கார்டிலிருந்து சம்பந்தமே இல்லாத இன்னொரு மேஜர் கார்டுக்கு ஒரே தாவல். அந்த இடைவெளியில் ட்ரம்பெட்டுகள் பதில் சொல்கின்றன. 1989இல் 'லைசன்ஸ் டு கில்' அதே பிராஸ் வரியை எடுத்துப் போட்டது, அதை எழுதிய பழையவர்களுக்கு உரிய பங்கும் கொடுத்தது. 1965இன் 'தண்டர்பால்' கோல்ட்ஃபிங்கரையே ஆண் குரலில் செய்து பார்த்த முயற்சி. கடைசிச் சுரத்தைப் பிடித்துவிட்டுத் தலைசுற்றிப்போனதாக டாம் ஜோன்ஸே சொல்லியிருக்கிறார். கேட்டால் நம்பத் தோன்றுகிறது. நான்சி சினாட்ராவின் 'யூ ஒன்லி லிவ் ட்வைஸ்' பல டேக்குகளிலிருந்து வெட்டி ஒட்டியது. குரலில் அந்தத் தயக்கம் தெரியும், ஆனால் மேலிருந்து இறங்கி வரும் வயலின் வரி எதையும் மன்னிக்க வைக்கும். 1969இன் 'ஆன் ஹெர் மெஜஸ்டீஸ் சீக்ரெட் சர்வீஸ்' தீமில் குரலே கிடையாது, மூக் சிந்தசைசரின் பேஸ் மட்டும் சறுக்கி ஓடுகிறது. ஓட்டம் என்றால் அது.

ரிட்டா கூலிட்ஜின் 'ஆல் டைம் ஹை' எனக்கு ஒட்டவில்லை. ஆனால் அது இடம்பெற்ற 'ஆக்டோபஸி'யில் உதய்ப்பூர் படித்துறையில் சென்னைக்காரர் விஜய் அமிர்தராஜ் பாம்பாட்டி வேடத்தில் உட்கார்ந்து மகுடியில் பாண்ட் தீமை வாசிப்பார். பாண்டுக்குக் கொடுக்கும் அடையாளம் அது. அந்தச் சில நொடிகளுக்காகவே படத்தை மறுபடி போடலாம்.

நண்பருக்கு என் பதில்: கட்டுமானத்தில் ஸ்கைஃபால், துணிச்சலில் கோல்ட்ஃபிங்கர். இன்றைக்கு ஒன்றுதான் போட வேண்டுமென்றால் இரண்டும் இல்லை, 2006இன் 'கேசினோ ராயல்' படத்தின் 'யூ நோ மை நேம்'. குறை நிறைய உண்டு. படத்தின் பெயர் பாட்டில் இல்லை, கிட்டாரும் ஆர்க்கெஸ்ட்ராவும் ஒன்றை ஒன்று நெருக்குகின்றன, கிறிஸ் கார்னெல் குரல் சில இடங்களில் அடியில் போய்விடுகிறது. ஆனால் அது ஓடுகிறது. படத்தின் இசையமைப்பாளர் டேவிட் ஆர்னால்ட் இந்த மெட்டைத்தான் படம் முழுக்கப் பின்னணியில் பயன்படுத்துகிறார். பழைய தீமைக் கடைசிக் காட்சி வரை முழுசாகத் தருவதே இல்லை, பாண்ட் தன் பெயரைச் சொன்ன பிறகுதான் அந்தக் கிட்டார் வருகிறது. படத்தின் இசை சிடியில் இந்தப் பாட்டைத் தேடினால் கிடைக்காது. தனி சிங்கிளாக வந்தது, இல்லையென்றால் கார்னெலின் 2007 ஆல்பம் 'கேரி ஆன்'-இல் எடுத்துக்கொள்ளுங்கள்.