மலைக்கு வாக்கி டாக்கி: அரை வாட்டா, ஐந்து வாட்டா?

"அண்ணாச்சி, பத்து கிலோமீட்டர் பேசும்னு டப்பாவுல போட்டிருக்கான், வாங்கலாமா?" என்று மலைக்குக் கிளம்புகிற பையன்கள் கேட்கிறார்கள். அந்தப் பத்து கிலோமீட்டர் நடுவே எதுவும் மறைக்காத வெட்டவெளிக் கணக்கு, காரையாறு பக்கம் ஒரு வளைவு திரும்பி மலைச்சரிவு குறுக்கே வந்தாலே போச்சு.

கடையில் கிடைப்பது ரெண்டு வகை. ஒன்று, 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரை வேலை செய்யும் சின்ன செட். பெரும்பாலும் அரை வாட்தான், ஆனால் நம் நாட்டில் இந்த அலைவரிசைக்கு லைசென்ஸ் தேவையில்லை, செட்டுக்கு அரசின் இ.டி.ஏ ஒப்புதல் (இந்த மாடலை விற்கலாம் என்கிற கருவி வகை அனுமதி) இருக்கிறதா என்று மட்டும் பார்த்து வாங்கணும். இன்னொன்று பாவ்ஃபெங் யுவி-5ஆர் மாதிரி ஐந்து வாட் செட். விஎச்எஃப் (கீழ் அலைவரிசை), யுஎச்எஃப் (மேல் அலைவரிசை) ரெண்டும் உண்டு, ஆன்டெனாவைக் கழற்றி மாற்றலாம், அடர்ந்த காட்டுக்குள் விஎச்எஃப் கொஞ்சம் நன்றாகவே போகும். ஆனால் ஹாம் லைசென்ஸ் (பொழுதுபோக்கு வானொலிக்காரர்களுக்கு அரசு தரும் உரிமம்) இல்லாமல் அதில் பேசுவது சட்டவிரோதம், தவறிப்போய் போலீஸ், வனத்துறை அலைவரிசையில் குறுக்கே புகுந்துவிடும் ஆபத்தும் இருக்கிறது. 2025-ல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இப்படி ஒப்புதல் இல்லாத செட்களை விற்ற ஆன்லைன் கடைகளுக்கு நோட்டீஸ் அனுப்பியது.

சரி, பவர் பத்து மடங்கு என்றால் தூரமும் பத்து மடங்கா? இல்லை, வெட்டவெளியிலேயே மூன்று மடங்குக்குச் சற்று மேல்தான், நடுவில் மலை நின்றால் அதுவும் இல்லை. ஒருவர் மேட்டில் நின்று கேட்டதைத் திருப்பிச் சொன்னால் அரை வாட்டே அழகாக வேலை செய்யும். அதனால் லைசென்ஸ் இல்லாதவர்களுக்கு நான் சொல்வது 446 செட்தான்.

அப்புறம் மழை. மாஞ்சோலை மலையில் நாலுமுக்கு, ஊத்து பக்கம் ஐப்பசி, கார்த்திகையில் கொட்டுகிற கொட்டுக்கு ஐபி67 (தூசி, தண்ணீர் புகாது என்கிற தரக்குறி) இல்லாத செட்டை எடுத்துப் போகவே வேண்டாம். உத்தராகண்டில் இருக்கிற அவுலிக்குப் பனிச்சறுக்குக்குப் போகிறவர்களுக்குக் கவலை வேறு: குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும், கையுறையோடு குட்டி பட்டன் அமுங்காது. செட்டை ஜாக்கெட்டுக்குள் வைத்து, தோள்பட்டையில் மாட்டும் மைக்கில் பேசுவதே நல்லது, அந்த மைக் சொருகுகிற வசதி எல்லாச் சின்ன செட்டிலும் கிடையாது, கேட்டு வாங்குங்கள். பட்டனை அமுக்கியதும் ஒரு நொடி விட்டுப் பேசச் சொல்லுங்கள், இல்லையென்றால் "நில்லு, போகாதே" என்பதில் "நில்லு" காணாமல் போய்விடும்.