விவோட்ராக்ஸ்: படம் எடுக்கலாம், பாகுநிலை அளக்க முடியுமா?

உடலுக்குள் செலுத்திய காந்தத் துகள்களை மட்டும் கண்டுபிடித்துக் காட்டும் காந்தத் துகள் படமெடுப்புக்காக மேக்னெடிக் இன்சைட் நிறுவனம் விற்கும் ட்ரேசர், அதாவது தடங்காட்டிப் பொருள், இந்த விவோட்ராக்ஸ். உள்ளே இருப்பது ஃபெருகார்போட்ரான் என்ற இரும்பு ஆக்சைடு நானோதுகள். கல்லீரல் எம்ஆர்ஐக்கென்று வந்த ரெசோவிஸ்ட்டிலும் இதே பொருள்தான். மில்லிலிட்டருக்கு 5.5 மில்லிகிராம் இரும்பு, மேலே கார்பாக்ஸிடெக்ஸ்ட்ரான் போர்வை. ஆய்வகத்துக்கும் விலங்குச் சோதனைக்கும் மட்டுமே உரியது. உடலுக்குள் செலுத்திய செல்கள் எங்கே போயின என்று பார்க்க நம்பி வாங்கலாம். சுற்றியுள்ள திரவம் எவ்வளவு கெட்டி என்பதை, அதாவது அதன் பாகுநிலையை, அறிய வாங்குவோர் சற்று நிதானிக்க வேண்டும்.

வெளியிலிருந்து செலுத்தும் காந்தப்புலம் மாறும்போது துகளின் காந்தத் திசை இரண்டு வழிகளில் அதைத் தொடர்கிறது. துகள் முழுதாகத் திரவத்துக்குள் சுழல்வது பிரௌனியன் தளர்வு. துகள் அசையாமல் உள்ளிருக்கும் காந்தத் திசை மட்டும் புரள்வது நேயெல் தளர்வு. பாகுநிலைக்கு முதலாவது மட்டுமே கட்டுப்படும். போர்வையோடு சேர்த்து விட்டம் 60 நானோமீட்டர் என்று வைத்தால், 20 டிகிரி தண்ணீரில் பிரௌனியன் நேரம் ஏறத்தாழ 84 மைக்ரோவினாடி, அதாவது 2 கிலோஹெர்ட்ஸை ஒட்டிய அதிர்வெண். இதே நிறுவனத்தின் மொமென்டம் ஸ்கேனர் இயங்குவதோ 45 கிலோஹெர்ட்ஸில். அந்த வேகத்துக்குத் துகள் உடலோடு சுழன்று ஈடுகொடுப்பது கடினம். விவோட்ராக்ஸ் துகள்களில் சிறு கருக்களும் (போர்வைக்குள் இருக்கும் காந்தப் பகுதி) கலந்திருப்பதால் நேயெல் பங்கே மேலோங்கிவிடும். படம் தெளிவாக வரும், பாகுநிலைத் தடயம் மங்கிப்போகும்.

சில நூறு ஹெர்ட்ஸ் முதல் 2 கிலோஹெர்ட்ஸ் வரை இயங்கும் காந்தத் துகள் நிறமாலைமானி (படம் எடுக்காமல் துகளின் சமிக்ஞையை மட்டும் அளக்கும் கருவி) கையில் இருந்தால் நிலைமை வேறு. துகளின் சமிக்ஞையில் தூண்டும் அதிர்வெண்ணின் மடங்குகளில் வரும் பகுதிகளே ஹார்மோனிக்குகள். அங்கே ஐந்தாம் ஹார்மோனிக்கை மூன்றாவதால் வகுத்துப் பாருங்கள். திரவம் கெட்டியாக ஆக இந்த விகிதம் சரியும். ஊற்றிய ட்ரேசர் கூடினாலும் குறைந்தாலும் இரண்டு ஹார்மோனிக்குகளும் சேர்ந்தே மாறுவதால், எவ்வளவு ஊற்றினோம் என்பது கணக்கிலிருந்து விழுந்துவிடுகிறது. இந்த முறையின் அழகே இதுதான். முதல் ஹார்மோனிக்கை நம்ப வேண்டாம், புலத்தை உண்டாக்கும் தூண்டு சுருளின் கசிவு அதில் கலந்திருக்கும்.

விகிதம் எந்தப் பாகுநிலையைக் குறிக்கிறது என்று பொருத்தும் அளவுத்திருத்தத்துக்குக் கிளிசரால் கரைசல்தான் வழக்கம், பிழைகள் பெரும்பாலும் நுழைவதும் அங்கேதான். 20 டிகிரியில் எடைக்கு 50 சதவீதக் கரைசலின் பாகுநிலை 6.0 மில்லிபாஸ்கல்-வினாடி. கன அளவில் பாதிக்குப் பாதி ஊற்றினால் எடையில் 56 சதவீதம் ஆகி 8-ஐத் தாண்டும். அதனால் தராசில்தான் கலக்க வேண்டும். 180 மைக்ரோலிட்டர் 50 சதவீதக் கரைசலில் 20 மைக்ரோலிட்டர் ட்ரேசரைச் சேர்த்தால், ட்ரேசரிலுள்ள தண்ணீரே கிளிசராலை 45.5 சதவீதத்துக்கு இறக்கிவிடும், பாகுநிலையும் 5-க்குக் கீழே போகும். நோட்டில் 6.0 என்று எழுதினால் அளவுத்திருத்த வளைவு முழுதும் பிசகும். வெப்பநிலை இன்னும் மோசம். சுருளின் சூட்டில் மாதிரி 30 டிகிரியைத் தொட்டால், அந்த 6.0 வெறும் 4.2 ஆகிவிடும். இழை ஒளி வெப்பமானியை மாதிரிக்குள்ளேயே வையுங்கள். உலோக முனை கொண்ட வெப்பமானி புலத்தில் தானே சூடாகும்.

இரத்தத்தில் விளக்கம் சிக்கலாகிறது. புரதங்கள் போர்வை மேல் ஒட்டித் துகளைப் பருக்கச் செய்யும். பிரௌனியன் நேரம் பருமனோடும் பாகுநிலையோடும் சேர்ந்தே ஏறுவதால், புரதம் ஒட்டியதா இரத்தம் தடித்ததா என்று ஓர் அதிர்வெண்ணில் பிரித்தறிய வழியில்லை. போதாக்குறைக்குக் கல்லீரலின் குப்ஃபர் செல்கள் இதை வேகமாக விழுங்கிவிடும். செல்லுக்குள் அடைபட்ட துகள் கெட்டியான திரவத்தில் இருப்பதுபோலவே காட்டும்.

பாகுநிலைதான் குறி என்றால், கரு பெரிதாகி நேயெல் வழி அடைபட்ட துகளைத் தேடுங்கள். விவோட்ராக்ஸையே பயன்படுத்துவதானால், துகள் சுழலவே முடியாதபடி எபாக்ஸிப் பிசினில் உறைய வைத்த ஒரு மாதிரியையும் கூடவே அளந்துவிடுங்கள். அதன் விகிதமும் தண்ணீரில் கிடைத்த விகிதமும் ஒட்டி நின்றால், அந்த அதிர்வெண்ணில் உங்கள் கருவி பாகுநிலையைப் பார்க்கவே இல்லை.