குன்னூரில் வயலின் கற்க முன்பணம் கட்டப் போகிறவர்களுக்கு

குன்னூர், வெலிங்டன், கோத்தகிரிப் பக்கம் நடுத்தர வயதில் வயலின் கற்க ஆசைப்படுகிறவர்கள் இதைப் படித்துவிட்டு அப்புறம் பணத்தை எடுங்கள். "பெரியவர்களுக்கு மட்டும், கர்நாடக வயலின், ஆறே மாதத்தில் கீர்த்தனை" என்ற நோட்டீஸ் பெட்ஃபோர்டு பக்கத்துக் கடைகளில் ஒட்டியிருந்தது. மலையில் வயலின் ஆசிரியர் கிடைப்பதே அரிது; கிடைப்பவர்களும் குழந்தைகளுக்குத்தான் நேரம் ஒதுக்குவார்கள். கீழிருந்து புதிதாக வந்த இந்த ஆசிரியர் அந்தப் பஞ்சத்தைத்தான் குறிவைத்தார்.

ஆறு மாதக் கட்டணம் 12,000 ரூபாய் முன்னதாகவே கட்ட வேண்டும். வயலினையும் அவரிடமே வாங்க வேண்டும், அது 18,000. வெளியில் வாங்கினால் சுருதி நிற்காதாம். பணம் போனது வேறு யாரோ ஒருவர் பெயரிலுள்ள கணக்குக்கு. ரசீது எப்போதும் அடுத்த வகுப்பில்.

கர்நாடக வயலினைத் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, அதன் தலைப்பகுதியை வலது காலில் ஊன்றி வாசிப்பார்கள். இவர் எங்களை நிற்கவைத்தார்; மூட்டுவலிக்காரர்களுக்கு இதுதான் நவீன முறை என்றார். தந்திகளை ஸ-ப-ஸ-ப என்று சுருதி கூட்ட வேண்டும். இவரோ கைபேசிச் செயலியைப் பார்த்து மேற்கத்திய முறையில் ஜி-டி-ஏ-இ என்று கூட்டிக் கொடுத்துவிட்டு, அதிலேயே மாயாமாளவகௌளை ராகத்தில் ஆரம்பப் பயிற்சியான சரளி வரிசையை வாசிக்கச் சொன்னார். ஸட்ஜம் (ஸ) கேட்க வேண்டிய, அந்த வரிசையில் மூன்றாவதான ஏ தந்தியில் சதுஸ்ருதி ரிஷபம் (ரி) கேட்கிறது. சிறுவயதில் வீணை கற்ற ஓர் அம்மா என்னோடு படித்தார். அவர் அதைச் சுட்டிக்காட்டிய அன்று வகுப்பு சீக்கிரமே முடிந்துவிட்டது. ஆசிரியரை ஒரு வரி வாசித்துக் காட்டச் சொன்னால் விரலில் சுளுக்கு. அந்தச் சுளுக்கு கடைசிவரை ஆறவே இல்லை.

அப்புறம் வகுப்புகளே நின்றன. ஐப்பசி மழையில் மேட்டுப்பாளையம் சாலை அடைபடுவது எங்களுக்குப் புதிதல்ல. ஆனால் வெயில் சுள்ளென்று அடித்த நாட்களிலும் அவருக்கு மட்டும் அந்தச் சாலையிலுள்ள பர்லியாரில் மண் சரிந்துகொண்டே இருந்தது.

வயலின் கதை இன்னும் மோசம். ஈரத்தில் தந்தியை முறுக்கும் பிருடை இறுகித் திருகவே முடியாமல் போனது, தந்திகளைத் தாங்கும் குதிரை வளைந்தது. விரல் நுனியெல்லாம் கறுத்தது. அதை உழைப்பின் அடையாளம் என்று பாராட்டினார். கோயம்புத்தூரில் பழுது பார்ப்பவரிடம் கொண்டுபோனபோது அவர் முதலில் அளவு நாடாவைத்தான் எடுத்தார். பெரியவர்கள் வாசிக்கும் முழு அளவு வயலினின் முதுகுப்பலகை ஏறக்குறைய 14 அங்குலம் இருக்கும். என்னுடையது 13. முக்கால் அளவு, அதாவது பள்ளிப் பிள்ளைகளுக்கானது. விரல் பலகை கருங்காலி அல்ல, மட்டமான மரத்தில் கறுப்புச் சாயம். துளை வழியாகப் பார்த்தால் உள்ளே "ஸ்ட்ராடிவாரியஸ், கிரெமோனா" என்று ஒரு சீட்டு. இத்தாலியப் பரம்பரை வயலின் என்று சொல்லி விற்றது இதைத்தான். ஸ்ட்ராடிவாரி 1737இல் இறந்தவர். அவர் பெயர்ச் சீட்டைத் தொழிற்சாலை வயலின்களில் ஒட்டுவது நூறு வருடத்துக்கும் மேலாக நடக்கிறது. புதிதாக வாங்கினாலும் இது ஐயாயிரத்தைத் தாண்டாது என்று பழுது பார்ப்பவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆசிரியரிடம் பணத்தைத் திருப்பிக் கேட்டதும் முதலில் "கலையை விலை பேசாதீர்கள்" என்றார். விலை பேசியது யார்? பிறகு கைபேசி அணைந்தது, அறை காலியானது. அதே வாசகத்துடன் இப்போது கோத்தகிரியில் நோட்டீஸ் தென்படுவதாகத் தோழி ஒருத்தி சொல்கிறாள்.

காவல் நிலையத்தில் மனு கொடுத்து ரசீது வாங்கியிருக்கிறேன். 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிந்தாயிற்று. அடுத்தது ஊட்டியிலுள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும். இவரிடம் பணம் கட்டியவர்கள் அனுப்பிய விவரத்தையும் குறுஞ்செய்திகளையும் அழித்துவிடாதீர்கள். வயலினையும் கோபத்தில் யாருக்கும் கொடுத்துவிட வேண்டாம், அது சாட்சி. வீணை கற்ற அம்மாவும் நானும் சேர்ந்தே மனு கொடுக்கிறோம். உங்கள் பெயரையும் சேர்க்கலாம்.