சைனஸ் லிஃப்ட் பண்ணி 8 மாசம் ஆச்சு, என் அனுபவம்

மேல் வரிசைல வலது கடவாய்ப்பல்ல எடுத்துட்டு ஆறு வருஷம் அப்படியே விட்டுட்டேன், வினையே அங்கதான். பல்லு இல்லாத இடத்துல எலும்பு கொஞ்சம் கொஞ்சமா கரையும், மேல கன்னத்து எலும்புக்குள்ள காத்து இருக்குற சைனஸ் அறையும் கீழ இறங்கிடும். இம்ப்ளான்ட் (எலும்புல ஸ்க்ரூ மாதிரி பதிச்சு மேல செயற்கைப் பல்லு மாட்டுறது) வைக்கலாம்னு போனப்ப எலும்பு உயரம் 3 மில்லிமீட்டர்தான் இருக்கு, ஸ்க்ரூ நிக்காது, முதல்ல சைனஸ் லிஃப்ட் பண்ணி எலும்ப ஏத்தணும்னு சொல்லிட்டாங்க.

முதல்ல போன கிளினிக்ல ஒரே ஒரு ஓபிஜி எக்ஸ்ரே (முழு தாடையும் ஒரே படத்துல தெரியுறது) எடுத்து பாத்துட்டு சின்ன வேலைதான், நாளைக்கே வாங்கன்னாங்க. மூக்கடைப்பு வருமா, சிகரெட் பழக்கம் உண்டா, சுகர் இருக்கா, எலும்பு தேய்மானத்துக்கு ஊசி மாத்திரை எடுக்குறீங்களான்னு ஒரு கேள்வி இல்ல. எனக்கு வருஷத்துக்கு மூணு தடவ சைனஸ் தொல்லை வரும், அத நானா சொன்னதுக்கும் பரவால்லன்னுட்டாங்க, எனக்கு பயமாயிடுச்சு, எழுந்து வந்துட்டேன்.

ரெண்டாவதா பாத்த டாக்டர் சிபிசிடி ஸ்கேன் (தாடைய 3டி-ல காட்டுறது) இல்லாம கை வைக்க மாட்டேன்னு சொல்லிட்டாரு. அந்த ஸ்கேன்லதான் சைனஸ் சவ்வு வீங்கி தடிச்சிருக்கறது, உள்ள தடுப்பு எலும்பு இருக்கா, பக்கச் சுவர்ல ரத்தக்குழாய் எங்க ஓடுதுன்னு எல்லாமே தெரிஞ்சுது. முதல்ல இஎன்டி டாக்டர்கிட்ட அனுப்பி மூக்க சரி பண்ணிட்டு வாங்கன்னாரு, அதுக்கே ரெண்டு மாசம் போச்சு. அப்போ எரிச்சலாதான் இருந்துச்சு, ஆனா அடைச்சு கிடக்குற சைனஸ்ல எலும்புத்தூள் போட்டா இன்ஃபெக்‌ஷன் ஆகி எல்லாத்தையும் சுரண்டி எடுக்க வேண்டி வரும்னு அவர் விளக்கினப்புறம் மனசு ஆறிடுச்சு.

ஆபரேஷன் மரத்துப்போற ஊசி போட்டுத்தான், வலி தெரியல, தாடைய அழுத்துற மாதிரி இருக்கும் அவ்ளோதான். பக்கவாட்டு எலும்புல சின்னதா ஜன்னல் மாதிரி திறந்து உள்ள இருக்குற சவ்வ மெதுவா மேல தள்ளி, கீழ வர்ற இடைவெளில எலும்புத்தூள் நிரப்புவாங்க, அந்த சவ்வு முட்டை ஓட்டுக்குள்ள ஒட்டிக்கிட்டு இருக்குமே ஒரு தோலு, அந்த மாதிரி மெல்லிசு. இதுல அதிகமா நடக்குற சிக்கலே அந்த சவ்வு கிழியறதுதான், எனக்கும் சின்னதா கிழிஞ்சுது. அத மறைக்காம அப்பவே சொன்னாரு, மேல கொலாஜன் ஷீட் வெச்சு மூடிட்டு வேலைய முடிச்சாரு, பெருசா கிழிஞ்சிருந்தா நிறுத்தி தையல் போட்டுட்டு சில மாசம் கழிச்சு திரும்ப பண்ணிருப்பேன்னாரு. இப்படி சொல்றவர நம்பலாம்.

ஒரே ஒரு குறை, உள்ள போடுற எலும்புத்தூள் மாட்டு எலும்புலேர்ந்து செஞ்சதுன்னு நான் கேட்டப்புறம்தான் சொன்னாங்க. செயற்கையா செஞ்சதும் உண்டு, வேணாம்னு நினைக்கறவங்க முன்னாடியே கேட்டுடுங்க.

மூணாவது நாள் கன்னம் நல்லா வீங்கி கண்ணுக்கு கீழ நீலமாச்சு, மூக்குல லேசா ரத்தம் கலந்து வந்துச்சு, இதெல்லாம் வரும்னு சொல்லித்தான் அனுப்புனாங்க. கஷ்டமே மூக்கு சிந்தக்கூடாதுங்கறதுதான், தும்மல் வந்தா வாய திறந்துதான் தும்மணும், ஸ்ட்ரா போட்டு உறியக்கூடாது, டாக்டர் சொல்ற வரைக்கும் ஃபிளைட் வேணாம். ஒரு தும்மல அடக்கப் பாத்து உயிரே போயிடுச்சு, அடக்குனா அழுத்தம் நேரா அந்த சவ்வு மேலதான் போகும், தயவு செஞ்சு அடக்காதீங்க. வீக்கம் குறைஞ்சுட்டு திரும்ப ஏறுனாலோ, ஒரு பக்க மூக்குல நாத்தத்தோட சீழ் வந்தாலோ, உள்ள போட்ட எலும்புத்தூள் குருணை குருணையா வெளிய விழுந்தாலோ அன்னைக்கே போய் காட்டுங்க.

எங்க சித்தப்பாவுக்கு எலும்பு 6 மில்லிமீட்டர் இருந்ததால ஜன்னல் போடாம கீழேர்ந்தே தட்டி ஏத்தி அன்னைக்கே இம்ப்ளான்ட்டும் வெச்சுட்டாங்க. ஆனா அந்த தட்டுனதுல காதுக்குள்ள ஏதோ அசைஞ்சு, படுத்து எழுந்தா தலை சுத்துது சுத்துதுன்னாரு, தலைய ஒரு விதமா திருப்பி திருப்பி வெச்சு சரி பண்ணாங்க. அந்த அளவுக்கு எலும்பு இருக்கறவங்க குட்டை இம்ப்ளான்ட்டே போதுமான்னும் கேட்டுப் பாருங்க, லிஃப்ட்டே தேவப்படாம போகலாம்.

போன வாரம் ஸ்கேன்ல எலும்பு 11 மில்லிமீட்டர் காட்டுச்சு, இம்ப்ளான்ட்டும் வெச்சாச்சு. 5க்கு 4 குடுக்குறேன், மேல பல்லு மாதிரி கேப் போட்டதும் வந்து மீதிய எழுதுறேன்.