யூடியூப்பா, திரைப்பட விழாவா, பிரட்டுக்களமா?

இலங்கை மலையகத்தில், மஸ்கெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் கொழுந்தெடுக்கும் நான்கு பெண்களைப் பற்றி 38 நிமிடத்தில் ஒரு ஆவணப்படம். எடுத்து முடிக்க ஒன்றரை வருடம். கையிலிருந்த காசு ஹார்ட் டிஸ்க்குக்கும் ஆட்டோவுக்கும் சரியாகப் போனது. எடுப்பதற்குத்தான் கஷ்டம் என்று நினைத்திருந்தேன், முடிந்த பிறகுதான் இதை எங்கே காட்டுவது என்ற கேள்வி வந்து நின்றது. யூடியூப்பில் போடலாம், திரைப்பட விழாக்களுக்கு அனுப்பலாம், புரொஜெக்டரைத் தூக்கிக்கொண்டு தோட்டம் தோட்டமாகப் போகலாம். நான் புரொஜெக்டர் பக்கம், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

யூடியூப்பின் நல்லதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். செலவில்லை, கொழும்பில் கடையில் நிற்கும் மகனும் கட்டாரில் இருக்கும் தங்கையும் அன்றைக்கே பார்த்துவிடுவார்கள். காசு வரும் என்று மட்டும் நம்பிவிட வேண்டாம். விளம்பரத்தில் பங்கு கிடைக்க 1,000 சந்தாதாரர்களும் 12 மாதத்துக்குள் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும். என் படத்தை வைத்துக் கணக்குப் போட்டால் ஏறக்குறைய 6,300 பேர் தொடக்கத்திலிருந்து கடைசிவரை அசையாமல் பார்க்க வேண்டும். யார் பார்க்கிறார்கள்? இதற்கு முன் நான் போட்ட 12 நிமிடப் படத்தைச் சராசரியாக மூன்று நிமிடம்தான் பார்த்திருக்கிறார்கள், விடியற்காலையில் பீலியில் தண்ணீர் பிடிக்கும் காட்சி வருமுன்னே கிளம்பிவிடுகிறார்கள், நான் அந்தக் காட்சிக்காகத்தான் அந்தப் படத்தையே எடுத்தேன்.

விழாக்களில் என் அனுபவம் குறைவு. மூன்றுக்கு அனுப்பினேன், ஒன்றில் எடுத்தார்கள், அதற்கும் போக முடியவில்லை. இதை வைத்துத் தீர்ப்பு சொல்வது நியாயமில்லை. பார்த்தவரை சொல்கிறேன். நுழைவுக் கட்டணம் பெரும்பாலும் டாலரில், 2022இல் ரூபாய் விழுந்த பிறகு ஒவ்வொரு கட்டணமும் யோசித்து யோசித்துக் கட்ட வேண்டியதாகிவிட்டது. தியேட்டரில் ஓட்ட டிசிபி, அதாவது தியேட்டர் புரொஜெக்டருக்கான டிஜிட்டல் பிரதி, கேட்பார்கள், அதை டிசிபி-ஓ-மேட்டிக் என்ற இலவச மென்பொருளிலேயே செய்துவிடலாம். ஆனால் நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், லயத்து (தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) டியூப் லைட் மினுங்கக்கூடாதே என்று நான் நொடிக்கு 25 ஃபிரேமில் எடுத்திருந்தேன். தியேட்டர் வழக்கமான 24க்கு மாற்றியதும் படம் ஒன்றரை நிமிடம் நீண்டு, எல்லோருடைய குரலும் லேசாகக் கனத்துப்போனது, அதைச் சரிசெய்ய ஒரு வாரம். தூரம் பயமென்றால் 2015இலிருந்து நடக்கும் யாழ்ப்பாண சர்வதேசத் திரைப்பட விழா இருக்கிறது. ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: பிரீமியர், அதாவது முதல் திரையிடல் தங்களுடையதாக இருக்க வேண்டும் என்று கேட்கும் விழாக்கள் யூடியூப்பில் ஏற்கெனவே கிடக்கும் படத்தைத் தொடமாட்டார்கள், அதனால் யூடியூப் எப்போதும் கடைசியில்தான்.

சரி, புரொஜெக்டர். முதல் காட்சி, படம் எடுத்த தோட்டத்திலேயே, காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பிரட்டுக்களத்தில். இரண்டு வெள்ளைப் படுக்கை விரிப்பைச் சேர்த்துத் தைத்துக் கட்டியிருந்தோம். துணியைத் தாண்டி வெளிச்சம் போனதால் பின்பக்கமும் படம் தெரிந்தது, பொடியன்கள் பாதிப் பேர் அந்தப் பக்கம்தான் உட்கார்ந்தார்கள், அவர்களுக்கு ஊர்ப் பெண்கள் எல்லோரும் இடக்கைக்காரிகள்.

படத்தில் ஒரு இடம் எனக்கு ரொம்பப் பிடித்தது. இரண்டு கை மெதுவாகத் தளிரைத் தொட்டு, கிள்ளி, நிதானமாகக் கூடைக்குள் போடும், பின்னால் சோகமாக ஒரு புல்லாங்குழல். அந்த இடத்தில் கூட்டமே சிரித்தது. எனக்குப் புரியவில்லை. படத்தில் வரும் அக்காவே எழும்பி, "யாரு தம்பி இது, நானா? இப்படி எடுத்தா அரைப்பேர்தான் போடுவாங்க" என்றார். அரைப்பேர் என்றால் அரைநாள் சம்பளம். உண்மைதான், கேமராவுக்காகக் கொஞ்சம் மெதுவாக எடுங்கள் என்று நான்தான் கேட்டிருந்தேன். கிலோ குறைந்தால் முழுப்பேர் கிடையாது என்பதைப் பற்றியே படம் எடுத்துவிட்டு, அதற்குள் ஒரு பொய்க்கையை வைத்திருக்கிறேன். அடுத்த வாரம் அவர் உண்மையான வேகத்தில் எடுப்பதை மறுபடி எடுத்தேன், இரண்டு கையும் தனித்தனியாக வேலை செய்யும், கண் அடுத்த செடியில் இருக்கும், கேமரா ஃபோகஸ் பிடிப்பதற்குள் கை நிறைந்து கொழுந்து பின்னால் கூடைக்குப் போய்விடும். புல்லாங்குழலையும் எடுத்துவிட்டேன்.

இரண்டாவது சங்கதி சிரிப்பில்லை. இன்னொரு அக்கா லோன் எடுத்ததைப் பற்றி இரண்டு நிமிடம் பேசியிருந்தார். எடிட் முடிந்ததும் அவர் வீட்டுக்கே போய் லேப்டாப்பில் காட்டினேன், சரி தம்பி, இருக்கட்டும் என்றார். பிரட்டுக்களத்தில் மாமியாரும் பக்கத்துக் காம்பரா (லயத்து வீடு) ஆட்களும் சுற்றியிருக்க அந்த இரண்டு நிமிடம் ஓடியபோது முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். மறுநாள் காலை, மலைக்குப் போகும் வழியில், அதை வெட்டிவிட முடியுமா என்று கேட்டார். வெட்டினேன்.

நான் எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் பிடித்துக்கொண்டிருப்பது இந்த ஒன்றைத்தான்: படத்தைக் காட்டிய பிறகு திருத்த முடிகிறதா. யூடியூப்பில் போட்ட வீடியோவில் ஒரு துண்டை வெட்டலாம், முகத்தை மங்கலாக்கலாம், அவ்வளவுதான். அதே லிங்க்கில் புதுக் கோப்பை மாற்றி வைக்க முடியாது. கை எடுக்கும் காட்சியை மாற்ற வேண்டுமென்றால் புதிதாகத்தான் ஏற்ற வேண்டும், பார்வை எண்ணிக்கை, கமெண்ட் எல்லாம் பழையதோடு போய்விடும். அது பரவாயில்லை. லோன் விஷயத்தை அதற்குள் யாராவது இறக்கி வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தால் நான் யாரிடம் போய்த் திருப்பிக் கேட்பது? லேப்டாப்பில் தனியாகப் பார்த்துச் சொல்லும் சம்மதத்தை நான் இப்போது பாதிச் சம்மதமாகத்தான் எடுக்கிறேன். ஊர் நடுவில் தன் முகத்தைப் பார்த்த பிறகு சொல்வதுதான் மீதி. விழாவிலும் இதே சிக்கல், அனுப்பிய பிரதி அனுப்பியதுதான், என் படம் அங்கே ஓடியதும் பழைய பொய்க்கையோடுதான். புரொஜெக்டரில் ஓடும் படம் என் பென் டிரைவில் இருக்கிறது. இதுவரை பதினொரு காட்சி, நான்காவது பதிப்பு.

கஷ்டமும் இருக்கிறது. பழைய புரொஜெக்டர் 70,000 ரூபாய், ஹட்டனிலிருந்து சாமானோடு போய்வர ஆட்டோ ஒவ்வொரு தடவையும் ஐயாயிரத்துக்குக் குறையாது, உண்டியலில் விழுவது அதில் பாதி. சின்ன யூபிஎஸ் ஒன்று கட்டாயம், கரண்ட் திடீரென்று போனால் உள்ளே விசிறி நின்று லேம்பு சூட்டிலேயே வெந்துவிடும், எனக்கு அப்படி ஒன்று போயிருக்கிறது. தகரக் கூரை மண்டபத்தில் மழை பிடித்தால் எந்த ஸ்பீக்கரும் எடுபடாது. மே முதல் செப்டம்பர் வரை எங்கள் பக்கம் போகவே வேண்டாம், தை, மாசிதான் நல்லது. நாடகம் ஓடும் நேரத்தில் வைத்தால் ஆம்பிளைகளும் பொடியன்களும் மட்டும்தான் வருவார்கள், பெண்கள் பார்க்க வேண்டுமென்றால் சீரியல் இல்லாத ஞாயிறு பின்னேரம், ஜன்னலுக்குச் சாக்குக் கட்டி.

பதினொரு காட்சியில் எண்ணூறு, தொள்ளாயிரம் பேர் பார்த்திருப்பார்கள். யூடியூப்காரர்களுக்கு இது ஒரு எண்ணே இல்லை, தெரியும். கொழும்பிலும் கட்டாரிலும் இருப்பவர்களுக்காக ஒருநாள் அங்கேயும் போடத்தான் வேண்டும், நான்கு பேரும் போடு என்று சொன்ன பிறகு. மூன்று பேர் சொல்லிவிட்டார்கள். பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டத்தில் மாசியில் காட்டக் கேட்டிருக்கிறார்கள், மாசியில் தோட்டங்களில் ஆடும் காமன் கூத்துக்குக் களம் பிடிப்பதற்கு முன் தேதி வாங்க வேண்டும்.