நான்கரை மணிக்கு இருட்டும் ஊரில் ஒரு பேக்கிங் புத்தகம்

பிரிட்டிஷ் சமையல் எழுத்தாளர் நைஜெல்லா லாசனின் 'ஹவ் டு பி எ டொமெஸ்டிக் காடெஸ்' 2000ஆம் ஆண்டில் வெளிவந்த பேக்கிங் நூல். நான் அதை வாங்கியது வெகுகாலம் கழித்து, லண்டனில் பழைய பொருள்கள் விற்கும் ஓர் அறக்கட்டளைக் கடையில், ஒரு கோப்பை காபியின் விலையைவிடக் குறைவாக. முன்பு அதை வைத்திருந்தவர் யாரென்று தெரியாவிட்டாலும், அவர் எதைத் திரும்பத் திரும்பச் செய்து பார்த்தார் என்பது தெரிந்தது. இலவங்கப்பட்டை பன் செய்முறை உள்ள பக்கத்தில் பட்ட வெண்ணெய்க் கறை ஊறிப்போய், தாளின் மறுபுறத்திலும் மங்கலாகத் தெரிந்தது. ஒரு சமையல் நூலுக்கு இதைவிட நேர்மையான மதிப்புரையை நான் கண்டதில்லை.

அக்டோபர் மாதத்தின் கடைசி ஞாயிறன்று இங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளிவைக்கிறார்கள். அடுத்த சில நாள்களிலேயே மாலை நான்கரைக்கு இருட்டிவிடுகிறது. இலையுதிர்காலம் என்பது எனக்குப் பள்ளிப் பாடத்தில் வந்த சொல்லாகவே வெகுநாள் இருந்தது. ஐப்பசியும் கார்த்திகையும் சேர்ந்த கூதிர்ப் பருவத்தையும் அப்படித்தான் மனப்பாடம் செய்தேன். குளிர்காற்றில் தூறலில் நனைந்து வீடு திரும்பி, ஓவனை ஏற்றிவிட்டு அதன் கண்ணாடிக் கதவுக்கு முன் சற்று நேரம் சும்மா நின்றபோதுதான் இரண்டு சொற்களுக்கும் பொருள் விளங்கிற்று.

அப்படிப்பட்ட மாலைகளில் எனக்குச் செய்முறைகளுக்குப் பஞ்சமில்லை, கைபேசியில் ஆயிரம் கிடக்கின்றன. சாய்வு நாற்காலியிலிருந்து எழுந்து மாவை அளக்க வேண்டும் என்ற ஆசைக்குத்தான் பஞ்சம். அந்த ஆசையைத் தூண்டுவதில் இந்த நூலுக்கு நிகராக என் அலமாரியில் வேறொன்றில்லை. ஒவ்வொரு செய்முறைக்கும் முன்னால் லாசன் எழுதும் பத்தி, அது எங்கிருந்து அவருக்கு வந்தது, எந்த மனநிலையில் செய்ய ஏற்றது, எந்த இடத்தில் சோம்பேறித்தனம் செய்தாலும் குற்றமில்லை என்பதையெல்லாம், பக்கத்து வீட்டு அக்கா திண்ணையில் உட்கார்ந்து சொல்வதுபோல் சொல்லிச் செல்கிறது. சமையல் எழுத்துக்கு வருமுன் அவர் பத்திரிகையின் இலக்கியப் பகுதியில் பணியாற்றியவர் என்பது வாக்கிய அமைப்பிலேயே தெரிகிறது. 2001இல் பிரிட்டிஷ் புத்தக விருதுகளில் ஆண்டின் சிறந்த எழுத்தாளராக அவர் தேர்ந்தெடுக்கப்பட்டதும் இந்த நூலுக்காகத்தான்.

தலைப்பைப் பற்றி ஒரு சொல். 'இல்லத்துத் தேவதை' என்று பொருள்படும் அந்தப் பெயர், பெண்களைத் திரும்பவும் அடுப்படிக்கு அனுப்பப் பார்க்கிறது என்று அன்றே சண்டை கிளப்பியது. தேவதையாக ஆகிவிட வேண்டாம், ஒரு மாலை அப்படி உணர்ந்தால் போதும் என்று முன்னுரையிலேயே அவர் கேலியாகச் சொல்லியிருப்பதைப் படித்தவர்கள் அவ்வளவு கோபப்பட்டிருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

இனி, கறை படிந்த அந்தப் பக்கத்துக்கு வருகிறேன். நார்வே நாட்டு முறையிலான இலவங்கப்பட்டை பன் அது. 600 கிராம் மாவில் சர்க்கரை, உப்பு, ஈஸ்ட் கலந்து, 100 கிராம் வெண்ணெயை உருக்கி 400 மில்லி பாலோடும் இரண்டு முட்டைகளோடும் அடித்துச் சேர்த்துப் பிசைய வேண்டும். சப்பாத்தி மாவு பிசைந்து பழகிய கைக்கு இந்தக் கலவை முதலில் திகிலூட்டும். விரல்களில் ஒட்டிக்கொண்டு விடவே விடாது. கூடுதலாக மாவு தூவிக் கெட்டிப்படுத்தாமல் பத்து நிமிடம் பொறுமையாகப் பிசைந்தால், ஒட்டுவது குறைந்து மாவு பட்டுப்போல் மினுங்கத் தொடங்கும். பொங்கிய மாவில் மூன்றில் ஒரு பங்கைத் தட்டின் அடியில் விரித்துவிட்டு, மீதியை 50 சென்டிமீட்டர் நீளமும் 25 சென்டிமீட்டர் அகலமுமாகத் தேய்த்து, மிருதுவான வெண்ணெயும் சர்க்கரையும் பட்டைத்தூளும் குழைத்துப் பூசி, பாய்போல் சுருட்டி, இரண்டு சென்டிமீட்டர் கனத்தில் துண்டுபோட்டு அடுக்க வேண்டும். ஏறக்குறைய இருபது பன் வரும்.

அடியில் மாவு விரிப்பது ஏன் என்று முதல் தடவை எனக்குப் புரியவில்லை. வெந்து வந்ததும் தெரிந்தது: சுருளிலிருந்து உருகி வழியும் வெண்ணெயையும் சர்க்கரையையும் அந்த அடிமாவு உறிஞ்சிக்கொள்கிறது. தட்டோடு தீய்ந்து வீணாக வேண்டியது, ஒவ்வொரு பன்னுக்கும் ஈரமான இனிப்பு அடித்தளமாக மாறிவிடுகிறது. இப்படியொரு சிறிய சூட்சுமத்தை, அதைச் சூட்சுமம் என்று பெருமை பேசாமல் போகிற போக்கில் எழுதிவிட்டுப் போவதுதான் லாசனின் பாணி.

என் முதல் ஈடு கெட்டதற்கு அவரைக் குறை சொல்ல முடியாது. தட்டில் தாள் விரிக்கச் சொன்னதை அலட்சியம் செய்தேன். அதோடு, நூலில் உள்ள 230 டிகிரி வெப்பத்தை விசிறி வைத்த ஓவனில் அப்படியே வைத்தேன்; ஓரத்துப் பன்கள் கருகின. விசிறி ஓவன் என்றால் 20 டிகிரி குறைத்துக்கொள்வது நல்லது. ஈஸ்ட் விஷயத்தில் மட்டும் எனக்கு உண்மையான கருத்து வேறுபாடு உண்டு. அவர் 21 கிராம், அதாவது மூன்று பொட்டலம், சேர்க்கச் சொல்கிறார். இருபத்தைந்து நிமிடத்தில் மாவு பொங்க வேண்டுமானால் அவ்வளவும் தேவைதான், ஆனால் மறுநாள் பன்னில் ஈஸ்ட் வாடை தூக்கலாக இருக்கிறது. நான் ஒரு பொட்டலம் மட்டும் சேர்த்து ஒன்றரை மணி நேரம் பொங்க விடுகிறேன். வீடு நிறையப் பட்டை மணம் சுற்றிவரும் மாலையில் அவசரம் எதற்கு?

மேப்பிள் பாகு ஊற்றிச் செய்து, முட்டை வெண்கருவை நுரைக்க அடித்து வெள்ளை மேகமாக மேலே பூசும் இலையுதிர்காலப் பிறந்தநாள் கேக்கும் இதில் உண்டு. பார்க்கவும் தின்னவும் அருமை. ஆனால் மேப்பிள் பாகு விற்கிற விலையில் அது ஆண்டுக்கொரு முறைக்கு மேல் கட்டுப்படியாகாது. எல்லாச் செய்முறைகளுக்கும் படம் இல்லாதது புதிதாகத் தொடங்குபவர்களைத் தடுமாற வைக்கும். முட்டை சேர்க்காத வீடுகளுக்கு நூலின் பெரும்பகுதி பயன்படாது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பேக்கிங் வேண்டாம், இரவுச் சாப்பாட்டுக்கு வழி சொன்னால் போதும் என்பவர்களுக்கு இன்னொரு பிரிட்டிஷ் சமையல் எழுத்தாளரான நைஜல் ஸ்லேட்டரின் 'தி கிச்சன் டயரீஸ்' நூலைச் சொல்வேன். 2005இல் வந்த அந்த நூல், அவர் ஓராண்டு முழுவதும் வீட்டில் சமைத்ததைத் தேதிவாரியாகப் பதிந்துவைத்த நாட்குறிப்பு. ஜொனாதன் லவ்கின் எடுத்த படங்களில் பகட்டே இல்லை. இன்றைய தேதியைத் திறந்து, இதே குளிரில் இன்னொருவர் என்ன சமைத்தார் என்று பார்ப்பதில் ஒரு துணை கிடைக்கிறது. சுக்குத்தூளும் பாகில் ஊறிய இஞ்சியும் சேரும் இரட்டை இஞ்சிக் கேக் அதில் இருக்கிறது. தாளில் சுற்றி இரண்டு நாள் வைத்திருந்து வெட்டினால் பிசுபிசுப்பும் காரமும் கூடி, முதல் நாளைவிட நன்றாக இருக்கும். அளவில் ஸ்லேட்டர் கெடுபிடி காட்டுவதில்லை. சூப்புக்கு அது சரி. முதல் கேக்குக்கு நான் லாசனிடம்தான் போவேன்.

லாசனின் நூலை வாங்குபவர்கள் பிரிட்டிஷ் பதிப்பைத் தேடி வாங்குங்கள். அமெரிக்கப் பதிப்பில் கப் அளவு. பிரிட்டிஷ் பதிப்பில் கிராம் கணக்கு, தராசு இருந்தால் வேலை எளிது. பழைய பிரதி கிடைத்தால் இன்னும் நல்லது. பக்கங்களைப் புரட்டிக் கறை எங்கே இருக்கிறது என்று பார்த்து, அங்கிருந்து தொடங்கலாம்.